முளைக்காத பல்

பல் போனாற் சொல் போச்சு என்பது பழமொழி. முதுமையிற் பல் விழுவதைப் பற்றியும், இனிப்புத் தின்ற பிள்ளைக்குப் பல் சொத்தையாவதைப் பற்றியும் நாம் ஓயாது பேசுகிறோம். ஆனால், விழுவதற்கும் சொத்தையாவதற்கும் வழியின்றி முளைக்கவே முளைக்காத பல்லைப் பற்றி வீடுகளில் எவரும் வாய் திறப்பதில்லை. திறந்தால் இடைவெளி தெரிந்துவிடுமே என்ற அச்சம் போலும்!

இதைப் பேச எனக்கு ஓர் உரிமை உண்டு. என் மேல்வாயில் நடுவே நிற்கும் இரு பெரிய வெட்டும் பற்களுக்கு இருபுறமும் வரவேண்டிய சிறிய வெட்டும் பற்கள் இரண்டும் எனக்கு முளைக்கவில்லை. என் தந்தையாருக்கும் அவை முளைக்கவில்லை. என் அண்ணனுக்கு வலப்புறத்தில் இல்லை. இடப்புறத்தில் உள்ளது ஆணிமுனை போலக் கூம்பிச் சிறுத்திருக்கிறது. அண்ணன் மகளுக்கு இரண்டுமே இல்லை. மஹய்யாவையில் எங்கள் தெருவில் எங்களுக்குச் ‘சந்துப்பல் வீட்டுக்காரர்’ என்று ஒரு பெயர் உண்டு. கல்லூரியிலும் மாணவர்கள் இதையொட்டி எனக்கு ஒரு பட்டப்பெயர் சூட்டியிருக்கிறார்கள். அது என் காதுக்கு எட்டவில்லை என்று அவர்கள் நம்பிக்கொண்டிருக்கிறார்கள். நானும் அந்த நம்பிக்கையைக் கெடுக்கவில்லை.

உயர்தர வகுப்பில் உயிரியல் கற்பிப்பவன் நான். பரம்பரை என்ற பாடத்துக்கு வரும்போது பட்டாணிச் செடியில் தொடங்கி, என் வாயில் வந்து முடிப்பது வழக்கம். மாணவர் சிரிப்பர், பாடமும் மனத்திற் பதியும். ஆனால் இந்தச் சிறு சந்து எங்கள் வீட்டில் எல்லாக் காலத்திலும் சிரிப்பாக இருந்ததில்லை. அது ஒரு பெண்ணின் வாழ்நாளில் பெரும்பகுதியைத் தின்றது.

என் தந்தையார் 1955 ஆம் ஆண்டு ஐப்பசி மாதம் பிறந்தவர். அவ்வாண்டு ஜூன் மாதம் 20 ஆந் திகதி இலங்கையில் முழுச் சூரிய கிரகணம் நிகழ்ந்தது. அப்போது என் அப்பாயிக்கு ஐந்தாம் மாதம். கிரகண வேளையில் கர்ப்பிணி கத்தி எடுக்கலாகாது, எதையும் அரியலாகாது என்பது நம்மவரின் நெடுங்கால நம்பிக்கை. அப்பாயி அன்று அரிவாள்மனையில் கீரை அரிந்தார் என்று அவருடைய மாமியார் கூறினார். அரியவேயில்லை என்று அப்பாயி கூறினார். எட்டு வயதில் தந்தையாரின் பாற்பற்கள் விழுந்து, அந்த இரண்டு இடங்களும் வெறுமையாகவே நின்றபோது வழக்கு முடிந்துவிட்டது. “கிரகணத்துல கீரையை அரிஞ்சா, புள்ள வாயில பல்லு அரிஞ்சு போச்சு” என்பது தீர்ப்பு. அதற்கு மேன்முறையீடு இல்லை.

வேடிக்கை என்னவெனில், தீர்ப்பளித்த மாமியாரின் சொந்த மகளுக்கே, அதாவது என் பாட்டனாரின் அக்காளுக்கே, அதே இடத்தில் அதே சந்து இருந்தது! மாத்தளையில் வாழ்க்கைப்பட்டிருந்த அந்தப் பாட்டியை நான் சிறுவயதிற் பார்த்திருக்கிறேன். சிரிக்கும்போதெல்லாம் சேலைத் தலைப்பால் வாயை மூடிக்கொள்வார். கிரகணம் வந்தபோது அவருக்கு முப்பது வயது கடந்திருந்தது. ஆனால் அவர் சிறுமியாக இருந்தபோது படியில் விழுந்ததாகவும், பல் உடைந்ததாகவும் வீட்டில் ஒரு கதை இருந்தது. இரண்டு பக்கத்துப் பற்களும் அளவெடுத்தாற்போல் உடைந்து, நடுப்பற்கள் மட்டும் எப்படித் தப்பின என்று எவரும் கேட்கவில்லை. என் பாட்டனாருக்கோ அந்த இடத்திற் பற்கள் இருந்தன. ஆனால் அரிசிமணி போன்று சிறியவை. மேலுதட்டை மூடிய அடர்ந்த மீசை அவற்றை உலகுக்குக் காட்டவில்லை. மகள் வாய்ச்சந்து விபத்தாகவும், மகன் வாய்க் குறை மீசைக்குள் மறைவாகவும் போயின. பழி மருமகளைச் சேர்ந்தது.

பட்டம் பெற்று வந்த புதிதில் நான் ஒரு தாளில் எங்கள் குடும்ப மரத்தை வரைந்து, சந்துள்ளவர்களுக்கு மட்டும் கறுப்புமை தீட்டி அப்பாயியிடம் காட்டினேன். எழுத்தறியாத அவருக்கு அந்தப் படம் உடனே விளங்கிற்று. கறுப்புப் புள்ளிகள் யாவும் பாட்டனார் பக்கத்திலிருந்து இறங்கி வந்தன. வெகுநேரம் அதைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, “எங்க அத்தை உசிரோட இருக்கயில யாராச்சும் இதைச் சொல்லியிருக்கலாம்” என்றார். அதற்குமேல் ஒரு சொல்லும் பேசவில்லை. ஏறக்குறைய ஐம்பது ஆண்டுகளுக்குப் பிறகு கிடைத்த விடுதலை அவருக்கு எவ்வளவு பயன்பட்டது என்பதை நான் அளந்து சொல்ல இயலாது.

இனி, பல் முளைக்காமற் போவது எப்படி என்பதைச் சற்றுப் பார்ப்போம். மனிதனுக்குப் பாற்பற்கள் 20. நிலையான பற்கள் 32. தாயின் வயிற்றில் கரு ஆறு வாரம் நிரம்பும் வேளையிலேயே தாடையின் ஓரமாக மேற்படை தடித்து ஒரு நாடா போல ஓடுகிறது. அந்த நாடாவிலிருந்து ஆங்காங்கே மொட்டுகள் கிளம்புகின்றன. மேலே உள்ள படையும் அடியிலுள்ள இழையமும் ஒன்றுக்கொன்று இரசாயனச் செய்தி அனுப்பி, மறுமொழி பெற்று, அந்த மொட்டைப் பல்லாக உருவாக்குகின்றன. இன்ன இடத்தில் இன்ன வடிவில் ஒரு பல் எழவேண்டும் என்பதெல்லாம் இந்தச் செய்திப் போக்குவரத்தின் விளைவே. செய்தியை எழுதிக் கொடுப்பவை பரம்பரை அலகுகள். அவற்றில் ஒன்றில் எழுத்து மாறினால் மொட்டு பாதியில் நின்றுவிடும். அல்லது தோன்றாமலே போகும். பல் இல்லை என்றால் உள்ளே ஒளிந்திருக்கிறது என்று பொருளன்று. விதையே விழவில்லை என்று பொருள்.

இன்னுமொரு செய்தி. நிலையான முன்பற்களின் மொட்டுகள் கருவின் ஐந்தாம் மாதமளவில் அரும்பத் தொடங்குகின்றன. ஆகவே அப்பாயியின் மாமியார் மாதத்தை ஏறக்குறையச் சரியாகத்தான் பிடித்தார். ஆனால் கீரையும் அரிவாள்மனையும் அந்த மொட்டை எட்டவில்லை. அதன் விதி அதற்கு நான்கு மாதங்களுக்கு முன்னரே, கரு உருவான அன்றே, எழுதப்பட்டுவிட்டது.

இது அரிய நிகழ்ச்சி என்று எண்ணவேண்டாம். ஞானப்பல் எனப்படும் கடைசிக் கடைவாய்ப்பல் ஒன்றேனும் இல்லாதவர் உலகில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவர். ஞானப்பல்லை நீக்கிக் கணக்கிட்டாலும், நூற்றுக்கு ஆறு பேரளவில் ஒன்றோ இரண்டோ நிலையான பற்கள் குறைந்தவராக இருக்கின்றனர். கீழ்த்தாடையின் இரண்டாம் முன்கடைவாய்ப்பல்லும், எங்கள் வீட்டில் இல்லாத மேல்வாய்ச் சிறுவெட்டும் பல்லுமே பெரும்பாலும் குறைபவை. ஒரே குடும்பத்தில் ஒருவருக்குப் பல் இல்லாமலும், இன்னொருவருக்கு அதே இடத்தில் ஆணிப்பல்லாகவும், மற்றொருவருக்கு முழுப் பல்லாகவும் அமைவது உண்டு. ஆறு பற்களுக்கு மேற்பட்டுக் குறைபவர் மிகச் சிலரே.

அந்த மிகச் சிலருள் ஒரு குடும்பத்தின் கதை, உலக அறிவியல் நூல்களில் இடம்பெற்றுவிட்டது. அக்குடும்பம் நமக்கு அயலிலேயே, அன்றைய இந்தியாவின் சிந்து மாகாணத்தில் வாழ்ந்த ஓர் இந்துக் குடும்பம். இன்று சிந்து பாகிஸ்தானைச் சேர்ந்தது. சார்ள்ஸ் டார்வின், வீட்டு விலங்குகளும் பயிர்களும் மாறுபடும் வகையை ஆராய்ந்து 1868 ஆம் ஆண்டு ஒரு பெருநூல் வெளியிட்டார். 1875 இல் வந்த அதன் இரண்டாம் பதிப்பில், வெடர்பர்ன் என்பவர் தமக்கு அறிவித்ததாக இக்குடும்பத்தைக் குறிப்பிடுகிறார். நான்கு தலைமுறைகளில் பத்து ஆடவர். ஒவ்வொருவருக்கும் இரு தாடைகளிலும் சேர்த்துச் சிறிய, பலமற்ற நான்கு வெட்டும் பற்களும் எட்டுக் கடைவாய்ப்பற்களுமே இருந்தன. உடலில் உரோமம் மிகக் குறைவு. இளமையிலேயே தலை வழுக்கை. வெயிற் காலத்தில் தோல் வறண்டு பெருந்துன்பம் உற்றனர்.

டார்வினின் கண்ணை உறுத்தியது வேறொன்று. அக்குடும்பத்துப் பெண் எவருக்கும் இக்குறை வரவில்லை. ஆனால் அப்பெண்களின் ஆண்மக்களுக்கு வந்தது. குறையுள்ள தந்தையிடமிருந்து அவன் மகனுக்கு ஒருபோதும் வரவில்லை. பாட்டனாரிடமிருந்து மகள் வழியாகப் பேரனுக்குத் தாவியது. ஏன் இப்படி? மெண்டல் பாதிரியார் பட்டாணிச் செடியில் கண்ட விதிகள் 1866 இலேயே அச்சேறியிருந்தும், 1900 ஆம் ஆண்டு வரை உலகம் அவற்றைக் கவனிக்கவில்லை. டார்வின் 1882 இல் காலமானார். கேள்வியை மட்டும் துல்லியமாக எழுதிவைத்துவிட்டுப் போனார்.

பின்னர் 1921 இல், தாதானி என்ற இந்திய ஆய்வாளர் சிந்து ஹைதராபாத்தில் வாழ்ந்த பல்லற்ற ஆடவரைப் பற்றி அமெரிக்காவில் வெளிவந்த பரம்பரையியல் இதழொன்றில் எழுதினார். அதற்குள் விடைக்கான வழி திறந்திருந்தது. பெண்ணுக்கு எக்ஸ் நிறமூர்த்தம் இரண்டு, ஆணுக்கு ஒன்று. ஆண் தன் ஒரே எக்ஸ் நிறமூர்த்தத்தைத் தாயிடமிருந்தே பெறுகிறான். தந்தை மகனுக்குக் கொடுப்பது வை நிறமூர்த்தம். ஆகவே, எக்ஸ் நிறமூர்த்தத்தில் ஒரு பரம்பரை அலகு பழுதுபட்டிருந்தால், பெண்ணிடத்து மற்றொரு நல்ல அலகு அதை ஈடுசெய்யும். ஆணிடத்து ஈடுசெய்ய வேறொன்று இல்லை. அத்தகைய தாயின் ஒவ்வொரு மகனுக்கும் குறை வருவதற்குச் சரிபாதி வாய்ப்பு. ஒவ்வொரு மகளும் தாயைப்போல் அதைச் சுமப்பதற்கும் சரிபாதி வாய்ப்பு. குறையுள்ள ஆடவனின் மகள்மார் அனைவரும் சுமப்பர். மகன்மார் எவரும் பெறார்.

அந்தக் குறிப்பிட்ட பரம்பரை அலகு 1996 ஆம் ஆண்டு கண்டுபிடிக்கப்பட்டது. ஈ.டி.ஏ. என்று அதற்குப் பெயர். பல், உரோமம், வியர்வைச் சுரப்பி ஆகிய மூன்றும் கருவின் புறப்படையிலிருந்தே தோன்றுகின்றன. மூன்றையும் உருவாக்க அனுப்பப்படும் செய்திகளில் ஒன்றை இந்த அலகு எழுதுகிறது. அதனாற்றான் பல் குறைந்தவருக்கு உரோமமும் குறைந்தது, வியர்வையும் வரண்டது. சிந்துவின் வெயிலில் அவர்கள் பட்ட பாடு தோலின் வறட்சி மாத்திரமன்று. வியர்க்காத உடல், வெப்பத்தை வெளியேற்ற வழியற்ற உடல்.

பல் குறைந்தால் அழகு குறையும் என்று மட்டும் நினைப்பவர்கள் இந்த இடத்தில் சற்று நிற்கவேண்டும். முன்னர் நான் வரண்ட வலயத்துப் பாடசாலை ஒன்றிற் கற்பித்துக்கொண்டிருந்தபோது, பன்னிரண்டு வயதுச் சிறுவன் ஒருவன் இருந்தான். மெல்லிய, செம்பட்டையான தலைமயிர். புருவம் இருப்பதே தெரியாது. வாயில் முளைபோன்ற கூரிய பற்கள் ஏழெட்டு. உடற்பயிற்சி வேளையில் அடிக்கடி ஓடிப்போய்க் குழாயடியில் தலையை நனைத்துக்கொள்வான். அதை ஒழுக்கக்கேடு என்று கருதிய ஓர் ஆசிரியர், ஒருநாள் அவனை வெயிலில் நிற்கவைத்தார். கால் மணி நேரத்தில் பையன் சுருண்டு விழுந்தான். உடல் நெருப்பாகக் கொதித்தது. நெற்றியில் ஒரு துளி வியர்வை இல்லை. நனைத்த துணிகளைப் போர்த்தி வைத்தியசாலைக்குக் கொண்டுசென்றோம், பிழைத்தான்.

அங்கே அவனுடைய தாய் ஓடிவந்தாள். “பொறந்ததுல இருந்தே அவனுக்கு வேர்க்காது சேர். காரணமே இல்லாம காய்ச்சல் வரும். நான் சொன்னா யாரும் நம்புறதில்ல” என்று அழுதாள். அவனுக்கு முன் பிறந்த மகனும் அப்படியே இருந்து, கைக்குழந்தைப் பருவத்திற் காய்ச்சலில் இறந்துபோனான் என்றும், ‘இவ வயித்துல பொறக்குறதெல்லாம் இப்படித்தான்’ என்று புகுந்த வீட்டார் அவளைத் தாய்வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள் என்றும் பின்னர் அறிந்தேன். அவள் பேசும்போது கவனித்தேன்: அவளுடைய ஒரு முன்பல்லும் கூம்பியிருந்தது. இந்தக் குறையைச் சுமக்கும் பெண்கள் முற்றிலும் தப்புவதில்லை என்பதைப் பிற்கால வைத்தியம் கண்டறிந்திருக்கிறது. சிலருக்கு ஓரிரு பற்கள் குறையும். சிலருக்கு உடலில் வியர்க்கும் பகுதியும் வியர்க்காத பகுதியும் திட்டுத்திட்டாக அமையும். பையனின் நோய் இன்னதென்று வைத்தியர் கண்டுசொன்ன பிறகு பாடசாலையில் அவனுக்கு நிழலும் நீரும் கிடைத்தன. தாய்க்குத் தன் வீடு திரும்பக் கிடைக்கவில்லை.

இங்கே ஒரு நுட்பமான அபாயம் இருக்கிறது. என் அப்பாயியின் வழக்கில் விஞ்ஞானம் அவரை விடுவித்தது. குறை கணவன் வழியில் வந்தது என்று காட்டிற்று. இந்தத் தாயின் வழக்கிலோ, குறை தாய்வழியில் வந்தது என்று அதே விஞ்ஞானம் சொல்கிறது. அப்படியானால் அவளைத் துரத்தியவர்கள் செய்தது சரியாகிவிடுமா? ஒருபோதும் ஆகாது. எக்ஸ் நிறமூர்த்தத்தில் எந்தப் பிரதியை எந்தக் கருமுட்டையில் வைப்பது என்று எந்தத் தாயும் தேர்ந்தெடுப்பதில்லை. அந்தப் பழுது அவளுக்கும் அவள் தாயிடமிருந்தோ தந்தையிடமிருந்தோ வந்திருக்கலாம். அல்லது அவளிடத்திலேயே புதிதாக நேர்ந்திருக்கலாம். வந்த வழியைக் காட்டுவதே விஞ்ஞானத்தின் வேலை. வழியைக் குற்றமாக மாற்றுவது நாம்.

‘முன்வினை’ என்று சொல்லுவோரும் உண்டு. நான் இந்துக் குடும்பத்திற் பிறந்தவன். கட்டுக்கலைச் செல்வ விநாயகர் ஆலயத்தில் நாள்தோறும் கும்பிட்டுவிட்டே கல்லூரிக்குச் செல்பவன். வினைக் கொள்கை ஒருவன் தன் செயலைத் தானே சோதித்துக்கொள்வதற்கு நம் பெரியோர் தந்த அளவுகோல் என்றே கருதுகிறேன். மருமகளையும் அயல்வீட்டுப் பெண்ணையும் அளப்பதற்கு அதை எவரும் தரவில்லை.

எக்ஸ் நிறமூர்த்தம் மட்டுமே பல்லைக் கெடுப்பது என்று கொள்ளவேண்டாம். அதே 1996 இல், பல பற்கள் குறைந்த ஓர் அமெரிக்கக் குடும்பத்தில் எம்.எஸ்.எக்ஸ்.-1 என்ற அலகின் பழுது கண்டறியப்பட்டது. 2000 ஆம் ஆண்டு, கடைவாய்ப்பற்கள் குறைந்த இன்னொரு குடும்பத்தில் பி.ஏ.எக்ஸ்.-9 என்ற அலகின் பழுது கண்டறியப்பட்டது. இவை ஆட்சியுடைய வகை: பெற்றோரில் ஒருவரிடம் இருந்தாலே போதும், மகனாயினும் மகளாயினும் ஒவ்வொரு பிள்ளைக்கும் சரிபாதி வாய்ப்பு. 2004 இல் பின்லாந்தில் ஒரு குடும்பம் ஆராயப்பட்டது. எட்டோ அதற்கு மேலோ நிலையான பற்கள் இல்லாத பதினொருவர் அதில் இருந்தனர். அவர்களுள் எண்மருக்குப் பெருங்குடலில் புற்றுநோயோ அதற்கு முன்னோடியான கட்டிகளோ காணப்பட்டன. ஆக்ஸின்-2 என்ற ஒரே அலகின் பழுதே இரண்டுக்கும் காரணம். இது மிக அரியது. ஓரிரு பல் குறைந்தவர் இதை வாசித்து அஞ்சவேண்டியதில்லை. ஆயினும் குடும்பத்தில் பலருக்குப் பல பற்கள் குறைந்திருந்து, குடற் புற்றுநோயும் வந்திருந்தால், இரண்டு செய்தியையும் ஒரே வைத்தியரிடம் சேர்த்துச் சொல்லவேண்டும்.

நம் சமூகத்துக்கு உரிய இன்னொரு விஷயமும் இருக்கிறது. மாமன் மகளையும் அத்தை மகனையும் மணப்பது நம்மிடையே உரிமையாகக் கருதப்படுகிறது. இத்தகைய முறை உறவினர் இருவர் தம் பரம்பரை அலகுகளில் ஏறக்குறைய எட்டில் ஒரு பங்கைப் பொதுவாகக் கொண்டிருப்பர். சில பல்லின்மைகள் இரு மருங்கிலிருந்தும் பழுதான அலகு வந்து சேரும்போது கடுமையாக வெளிப்படுகின்றன. டபிள்யூ.என்.டி.-10ஏ என்ற அலகு அத்தகையது: ஒரு பிரதி பழுதானால் ஓரிரு பற்கள் குறையலாம், இரண்டும் பழுதானால் பெரும்பாலான நிலையான பற்கள் முளைக்காமற் போகலாம். ஆகவே இரு பக்கத்திலும் பற்குறை உள்ள உறவுக்குள் மணம் பேசும்போது, ஜாதகம் பார்க்கும் அக்கறையோடு இதையும் பேசிக்கொள்வது நன்று. எங்கள் வீட்டுச் சந்தைப் போன்றவற்றுக்கோ உறவுத் திருமணம் காரணமன்று. அது எவரை மணந்தாலும் தன் பாதியைக் கேட்கும்.

திருமணம் என்றதும் என் அண்ணன் மகளின் கதையைச் சொல்லாமல் விடமுடியாது. பெண் பார்க்க வந்த முதலாவது குடும்பத்தார் அவள் காப்பித் தட்டை நீட்டிச் சிரித்தபோது ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டனர். “பொண்ணுக்குப் பல்லு விழுந்துருச்சா?” என்று மாப்பிள்ளையின் தாயார் கேட்டார். இரண்டு நாளில், முன்னர் எட்டுப் பொருத்தம் இருந்த ஜாதகம் பொருந்தாமற் போய்விட்டது! அண்ணன் மனமுடைந்து, அடுத்தவர் வருமுன் செயற்கைப் பல் கட்டிவிடலாம், விஷயத்தை வெளியிடவேண்டாம் என்றார். மறைப்பதில் அண்ணியும் அவர் பக்கம். பெண் அதற்கு இணங்கவில்லை. “பல்லு கட்டிக்கிறேன் அப்பா, அது எனக்காக. ஆனா மறைக்க மாட்டேன். நாளைக்கு என் புள்ளைக்கு முளைக்கலேன்னா, அப்ப அம்மாவைக் கேட்ட மாதிரி என்னைக் கேப்பாங்க, நீ என்ன செஞ்சேன்னு” என்றாள். பிறகு என்னிடம் திரும்பி, “சித்தப்பா, அந்தக் கறுப்புப் புள்ளிப் படத்தைக் கொஞ்சம் குடுங்க” என்று கேட்டு வாங்கிக்கொண்டாள்.

அடுத்து வந்த மாப்பிள்ளையிடம் அவளே அந்தத் தாளைக் காட்டிப் பேசினாள். அவர் அதைப் பார்த்துவிட்டு, தம் குடும்பத்தில் மூன்று தலைமுறையாகக் கிட்டப்பார்வை இருப்பதாகவும், அதற்கும் இப்படி ஒரு படம் வரையலாமே என்றும் சொன்னாராம். அந்தத் திருமணம் நடந்தது. இப்போது அவளுக்கு மூன்று வயதில் ஒரு பெண் குழந்தை. இருபது பாற்பற்களும் வரிசையாக இருக்கின்றன. பாற்பல் இருப்பதால் நிலையான பல்லும் வரும் என்று சொல்லிவிட முடியாது. அதை அறிய இன்னும் சில ஆண்டுகள் பொறுத்திருக்கவேண்டும். எப்படி வந்தாலும் அந்த வீட்டில் கிரகணத்தைத் தேடுபவர் எவரும் இல்லை.

பெற்றோருக்குப் பயன்படும் சில செய்திகளைச் சுருக்கமாகச் சொல்கிறேன். பிள்ளைக்கு ஏழு, எட்டு வயதாகும்போது வாயைத் திறக்கச் சொல்லி எண்ணிப் பாருங்கள். ஒரு பக்கத்துப் பல் முளைத்து ஆறு மாதத்துக்கு மேலாகியும் மறுபக்கத்துப் பல் வராவிட்டால், பாற்பல் விழவேண்டிய வயது கடந்தும் அசையாமல் நின்றால், பல் வைத்தியரிடம் காட்டுங்கள். ஓர் எக்ஸ்-கதிர்ப் படம், உள்ளே மொட்டு இருக்கிறதா இல்லையா என்பதைச் சொல்லிவிடும். நிலையான பல் இல்லையென்று தெரிந்தால், உறுதியான பாற்பல்லை அவசரப்பட்டுப் பிடுங்கவேண்டாம். வாரிசு இல்லாத பாற்கடைவாய்ப்பல் பலருக்கு நாற்பது வயது வரையும் உழைத்திருக்கிறது. பற்களைக் கம்பியிட்டு நகர்த்திச் சந்தை மூடுவதும், அடுத்த பற்களைத் தாங்கலாகக் கொண்டு பல் கட்டுவதும், தாடை வளர்ந்து முடிந்த பிறகு எலும்பில் பொருத்தும் செயற்கைப் பல்லும் இன்று கைவசமுள்ள வழிகள். கண்டியைச் சூழ வாழும் நமக்கு, நகரிலிருந்து ஐந்தாறு கிலோமீற்றர் தூரத்திலேயே பேராதனைப் பல்கலைக்கழகத்தின் பல் மருத்துவபீடமும் அதன் வைத்தியசாலையும் இருப்பது ஒரு பேறு.

பல பற்கள் குறைந்து, உரோமமும் குறைந்து, வெயிலில் வாடும் பிள்ளையாயின் முதற் கவலை பல்லாக இருத்தல் கூடாது; வெப்பமாக இருக்கவேண்டும். நீர், நிழல், நனைந்த சட்டை ஆகியவற்றை அந்தப் பிள்ளைக்கு எவரும் மறுக்கக்கூடாது. வகுப்பாசிரியருக்கும் விளையாட்டாசிரியருக்கும் பெற்றோர் இதை எழுத்திற் கொடுப்பது நல்லது. ஆசிரியரும், குழாயடிக்கு ஓடும் பிள்ளையை அதட்டுமுன் அவன் நெற்றியை ஒருமுறை தொட்டுப் பார்க்கட்டும்.

நம்பிக்கைக்கு இடமில்லாமலில்லை. ஜெர்மனியில் எர்லாங்கன் நகரத்து வைத்தியர்கள், இந்நோய் உறுதியான ஆண் கருக்கள் மூன்றுக்குத் தாயின் கருப்பை நீரினுள்ளேயே குறைந்த புரதத்தை ஊசியாற் செலுத்தினர். பிறந்த குழந்தைகளுக்கு வியர்த்தது என்ற செய்தியை 2018 இல் வெளியிட்டனர். ஒரு குழந்தையின் நெற்றியில் அரும்பிய வியர்வையைக் கண்டு வைத்தியர்கள் மகிழ்ந்த நாள் அது! ஜப்பானின் கியோத்தோ பல்கலைக்கழக வைத்தியசாலையில் 2024 ஆம் ஆண்டு, முளைக்காத பல்லை முளைக்கச் செய்யும் நோக்கங்கொண்ட மருந்தொன்றை மனிதரிடம் சோதிக்கத் தொடங்கினர். இவை நம் ஊர் வைத்தியசாலையை எட்டக் காலம் ஆகலாம்.

அதுவரை மருந்தும் பணமும் வேண்டாத ஒரு வேலை ஒவ்வொரு வீட்டிலும் செய்யக் கிடக்கிறது. ஒரு தாளை எடுங்கள். பாட்டன் பாட்டியர் தொடங்கி, தந்தைவழி, தாய்வழி இரண்டையும் எழுதுங்கள். யாருக்கு எந்தப் பல் இல்லை, யாருக்கு ஆணிப்பல், யாருக்கு வெயில் ஒவ்வாது என்று முதியவர்களைக் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். மீசைக்குள் இருப்பதையும் சேலைத் தலைப்புக்குள் இருப்பதையும் கேட்கத் தயங்காதீர்கள். வைத்தியர் கேட்கும் முதற் கேள்விக்கு அதுவே விடை. ஜாதகக் கட்டோடு அந்தத் தாளையும் வைத்திருங்கள். பிறக்கப்போகும் பிள்ளைக்குப் பல் முளைத்தாலும் முளைக்காவிட்டாலும், பெற்றவளைப் பார்த்து ‘நீ என்ன செய்தாய்?’ என்று கேட்பதற்கு அந்த வீட்டில் எவருக்கும் வாய் வராது.